ஓர் எலெக்ட்ரான் தாண்டும் தூரம்

(பொங்கலூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து வயது இருக்கும்போது, நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றுக்கு அப்பா என்னை அழைத்துப் போனார். தொட்டியில் இருந்த கரைசல் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருந்தது. அதில் முக்கிய நூல்சிட்டத்தை மாஸ்டர் குச்சியில் மாட்டி மேலே தூக்கினார். வெளியே வந்தபோது அதுவும் மஞ்சள்பச்சைதான். காற்றுப் பட்டதும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேலிருந்து கீழாக நீலம் இறங்கியது.

"ஏனுங்க மாஸ்டர், இது எப்படிங்க நீலமாச்சு?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது கண்ணு. இத்தனை ஹைட்ரோஸ், இத்தனை காஸ்டிக், இத்தனை நேரம். இப்படிப் போட்டா இப்படி வரும். அதுதான் தெரியும்" என்றார்.

அவர் சொன்ன பதிலை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். பின்னாளில் வேதியியல் படித்தபோது ஒன்று புரிந்தது. அவர் நின்ற அதே இடத்தில்தான் மின்வேதியியல் என்ற அறிவியலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. இத்தனை மின்னழுத்தம் கொடுத்தால் இத்தனை மின்னோட்டம் வரும் என்று அதற்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. அந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தேடிய துறைதான் குவாண்டம் மின்வேதியியல். அது பிறந்து வளர்ந்த கதையையும், அதில் நம் தமிழ்நாட்டுக்கு உள்ள பங்கையும் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

தொட்டியில் நடந்தது இதுதான். நீலமாக இருக்கும் இண்டிகோச் சாயம் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருள் ஒவ்வொரு இண்டிகோ மூலக்கூறுக்கும் இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட இண்டிகோ நிறம் மாறி, கரைந்து, நூலுக்குள் போகிறது. வெளியே தூக்கியதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரான்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இண்டிகோ மறுபடி நீலமாகி நூலிலேயே தங்கிவிடுகிறது. கைமாறியது எலெக்ட்ரான். அந்தக் கைமாற்றம் எப்படி நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு முழுவதும்.

டாஃபெல் வரைந்த கோடு

சாயப்பட்டறையில் ஒரு வேதிப்பொருள் இன்னொன்றுக்கு எலெக்ட்ரான் கொடுக்கிறது. மின்வேதியியலில் கொடுப்பதும் வாங்குவதும் ஓர் உலோகத் தகடு. தகட்டைக் கரைசலில் நிறுத்தி மின்சாரம் கொடுத்தால், தகட்டின் முகத்தில் எலெக்ட்ரான் உலோகத்தை விட்டுக் கரைசலில் உள்ள அயனிக்குப் போகிறது. நம் பட்டறைகளுக்கு வரும் காஸ்டிக் சோடா இப்படித்தான் உப்புத் தண்ணீரிலிருந்து பிறக்கிறது. ஒரு கிராம் காஸ்டிக் உருவாக 15 கோடி கோடி கோடி எலெக்ட்ரான்கள் கடக்க வேண்டும். அவை ஒன்றுவிடாமல் கடக்கும் இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு தலைமுடியின் குறுக்களவு பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு சிறிய இடைவெளியில் ஒரு வோல்ட் விழுந்தால், அங்கே நிலவும் மின்புலம் மீட்டருக்கு நூறு கோடி வோல்ட் என்ற கணக்காகிறது. நம் தலைக்கு மேல் போகும் உயரழுத்தக் கம்பிகளைச் சுற்றியும் அப்படியொரு புலம் கிடையாது.

அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க வழியில்லாத காலத்தில், 1905-இல், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய ஜூலியஸ் டாஃபெல் ஒரு விதியைக் கண்டார். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வெளிவர, கணக்குப்படி வேண்டிய மின்னழுத்தத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இதை மிகை மின்னழுத்தம் என்கிறோம். டாஃபெல் அளந்து பார்த்தார். மிகை மின்னழுத்தத்தைச் சம அளவில் ஏற்றினால் மின்னோட்டம் மடங்கு மடங்காக ஏறியது. பல உலோகங்களில் சுமார் 120 மில்லிவோல்ட் ஏற்றினால் மின்னோட்டம் பத்து மடங்கு. இன்னும் 120 ஏற்றினால் நூறு மடங்கு. மடக்கைத் தாளில் வரைந்தால் நேர்கோடு.

உலோகத்துக்கு உலோகம் வேகம் மட்டும் மாறியது. ஒரே அமிலத்தில், ஒரே நிலையில், பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் பிறக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் பாதரசத்தின் மேல் அது சுமார் நூறு கோடி மடங்கு மெதுவாகப் பிறக்கிறது. இதை வைத்து ஒரு பெருந்தொழிலே நடந்தது. பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் வர அவ்வளவு தயங்குவதால், அந்த இடத்தில் சோடியம் முந்திக்கொண்டு பாதரசத்தில் சேர்ந்துவிடும். அதைத் தண்ணீரோடு சேர்த்துச் சுத்தமான காஸ்டிக் எடுத்தார்கள். பாதரசத்தின் நஞ்சு தெரியவந்த பின் அந்த முறை ஒதுங்கி, சவ்வுக் கலங்கள் வந்தன. ஏன் பிளாட்டினம் வேகம், ஏன் பாதரசம் மந்தம், ஏன் அந்த 120 மில்லிவோல்ட் என்று கேட்டால், 1905-இல் யாரிடமும் பதில் இல்லை. இப்படிப் போட்டால் இப்படி வரும் என்பதுதான் பதில்.

மதிலைத் துளைத்தவர்

1920-களின் நடுவில் குவாண்டம் இயக்கவியல் பிறந்தது. எலெக்ட்ரான் ஒரு சிறு குண்டுமணி மாதிரி ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை, அலை மாதிரிப் பரவியும் இருக்கிறது என்று அது சொன்னது. அலையாக இருப்பதால் ஒரு விந்தை நடக்கிறது. உயரமான மதில் ஒன்று குறுக்கே நின்றால் குண்டுமணி அதன்மேல் ஏறித்தான் தாண்ட வேண்டும். அலையோ மதிலுக்குள் கொஞ்சம் கசியும். மதில் போதிய அளவு மெல்லியதாக இருந்தால் மறுபக்கத்திலும் கொஞ்சம் தலைகாட்டும். ஏறாமலே கடந்துவிடலாம். இதை டன்னலிங் என்பார்கள். தமிழில் சுரங்கக் கடப்பு என்று சொல்லலாம்.

1928-இல் இந்தக் கருத்தைக் கொண்டு கதிரியக்கத்தை விளக்கினார்கள். இயற்பியலாளர் கேமோவ் ஒரு பக்கம், ரொனால்டு கர்னியும் எட்வர்ட் காண்டனும் மறுபக்கம், தனித்தனியாக ஒரே விடையை அடைந்தார்கள். அணுக்கருவின் உள்ளே அடைபட்ட ஆல்பா துகள் மதிலின் மேல் ஏறாமல் அதைத் துளைத்து வெளிவருகிறது என்றார்கள்.

இந்த மூவரில் கர்னி என்ற ஆங்கிலேயர் அத்தோடு நிற்கவில்லை. அணுக்கருவை விட்டு, உப்புத் தண்ணீரில் நிற்கும் ஒரு தகட்டைப் பார்த்தார். இயற்பியலின் மிகப் புதிய கருத்தை, எல்லோரும் பழையது என்று நினைத்த மின்பகுப்பின் மேல் வைத்துப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1931-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், மின்பகுப்பின் குவாண்டம் இயக்கவியல் என்ற தலைப்பில் அவருடைய கட்டுரை வந்தது. குவாண்டம் மின்வேதியியலின் பிறந்த ஆண்டு அதுதான் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

கர்னியின் கருத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் படிப்படியாக ஒரு மட்டம்வரை நிரம்பி நிற்கின்றன. கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனியில் ஒரு காலி இடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மதில். எலெக்ட்ரான் அதைத் துளைத்துக் கடக்கும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஆற்றலில் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அயனியைச் சுற்றியுள்ள தண்ணீரும் பிணைப்புகளும் ஓயாமல் அதிர்வதால் அந்தக் காலி இடத்தின் மட்டம் ஏறி இறங்குகிறது. பெரும்பாலான அயனிகளில் அது எட்டாத உயரத்தில் இருக்கும். சிலவற்றில் மட்டும் எட்டும். மின்னழுத்தத்தைக் கூட்டும்போது உலோகத்தின் மட்டம் உயர்கிறது. எட்டக்கூடிய அயனிகளின் எண்ணிக்கை மடங்காகப் பெருகுகிறது. டாஃபெல் 1905-இல் வரைந்த நேர்கோட்டுக்கு முதன்முதலாக ஒரு காரணம் கிடைத்தது.

கர்னியின் கணக்கில் ஒரு விடுபடலும் இருந்தது. பிறந்த ஹைட்ரஜன் அணு உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பதை அவர் சேர்க்கவில்லை. 1936-இல் பட்லர் என்ற வேதியியலாளர் அதைச் சேர்த்தார். உலோகத்துக்கு உலோகம் வேகம் ஏன் மாறுகிறது என்பதற்கு அதில் ஒரு திறவுகோல் இருந்தது. ஒட்டும் வலு மாறுவதால் வேகமும் மாறுகிறது.

மதிலின் தடிமன் எவ்வளவு முக்கியம் என்பதைப் பிற்காலக் கருவி ஒன்று கண்முன் காட்டியது. 1981-இல் பின்னிக், ரோரர் இருவரும் உருவாக்கிய நுண்ணோக்கியில், ஊசிமுனைக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினாலே சுரங்க மின்னோட்டம் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்த வேலைக்கு 1986-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். கர்னி காகிதத்தில் கண்டதை அந்தக் கருவி நேராக அளந்தது.

இரண்டு தூரிகள்

அடுத்த பெரிய அடி 1950-களில் விழுந்தது. உலகப்போருக்குப் பிறகு கதிரியக்க ஐசோடோப்புகள் ஆய்வகங்களுக்குக் கிடைத்தன. கரைசலில் ஓர் இரும்பு அயனி இன்னோர் இரும்பு அயனிக்கு எலெக்ட்ரான் கொடுப்பதைக்கூட அளக்க முடிந்தது. அங்கே பிணைப்பு எதுவும் உடையவில்லை, புதிதாக எதுவும் உருவாகவில்லை. அப்படியிருந்தும் சில வினைகள் மெதுவாக நடந்தன. என்ன தடுக்கிறது?

1952-இல் லிபி என்ற வேதியியலாளர் ஒரு விளக்கம் தந்தார். எலெக்ட்ரான் மிக வேகமாகத் தாவுகிறது. அணுக்கருக்கள் கனமானவை, அசைய நேரம் எடுக்கும். எலெக்ட்ரான் தாவி முடித்த பிறகு, சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் தவறான இடத்தில் நின்றிருக்கும். அதுதான் தடை என்றார். இந்தக் கட்டுரையைப் படித்த ருடால்ஃப் மார்க்கஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அதில் ஒரு பிழையைக் கண்டார். இருட்டில், வெளியிலிருந்து ஒளி எதுவும் கொடுக்காமல் அப்படித் தாவினால் ஆற்றல் கணக்கு நேராகாது. எனவே தாவிய பிறகு தண்ணீர் ஒழுங்குபட முடியாது. தாவுவதற்கு முன்பே தண்ணீர் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்றார். இதைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1956-இல் வந்தது.

இதை நம் ஊர்க் காட்சியில் சொல்கிறேன். ஆடி நோம்பிக்கு மரக்கிளையில் தூரி, அதாவது ஊஞ்சல், கட்டுவோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தூரி, இரண்டிலும் இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி கையில் பூ இருக்கிறது. மற்றவளுக்கு அதைத் தர வேண்டும். தூரிகள் இரண்டும் அதனதன் போக்கில் ஆடுகின்றன. ஒருத்தி மேலே போகும்போது மற்றவள் கீழே இருக்கிறாள். இரண்டும் ஒரே உயரத்தில் வந்து சேரும் அந்தக் கணத்தில்தான் பூ கைமாறும். பூ கைமாற ஆகும் நேரம் சிறிது. அந்தக் கணம் வாய்க்கக் காத்திருப்பதுதான் நீண்டது. பூ எலெக்ட்ரான். தூரியை ஆட்டுவது சுற்றியுள்ள தண்ணீர்.

மார்க்கஸ் இந்தக் காத்திருப்புக்குச் சமன்பாடு எழுதினார். இரண்டு பரவளைவுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் தடை அமைகிறது. அவை ஒரே வடிவில் இருப்பதால், நாம் கூட்டும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான் தடையைக் குறைக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் அந்தப் பாதியைப் போட்டுக் கணக்கிட்டால் வருவது 118 மில்லிவோல்ட். டாஃபெல் அளந்த எண் கணக்கில் தானாக வந்து நின்றது. மார்க்கஸுக்கு 1992-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய கோட்பாடு நம்ப முடியாத ஒன்றையும் சொன்னது. வினையை உந்தும் ஆற்றலை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் எலெக்ட்ரான் கடக்கும் வேகம் குறையும் என்றது. பல ஆண்டுகள் யாராலும் அதைக் காட்ட முடியவில்லை. 1984-இல் மில்லர், கால்கட்டெர்ரா, குளோஸ் மூவரும் சோதனையில் ஐயமின்றிக் காட்டினார்கள். காகிதத்தில் சொன்னதற்கும் குடுவையில் கண்டதற்கும் இடையே ஏறத்தாழ 25 ஆண்டுகள். அடிப்படை அறிவியலின் காலக்கணக்கு அது. ஆறு மாதத்தில் பலன் என்ன என்று கேட்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மாஸ்கோவும் பிலடெல்ஃபியாவும்

அதே காலத்தில் மாஸ்கோவில் ஃப்ரூம்கின் தலைமையில் உலகின் மிக வலுவான மின்வேதியியல் பள்ளி ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே லெவிச், ஜார்ஜியாவைச் சேர்ந்த இளைஞர் டோகோனாட்சே ஆகிய இருவர் 1959-இல் எலெக்ட்ரான் மாற்றத்துக்கு முழுமையான குவாண்டம் கோட்பாடு ஒன்றை வெளியிட்டார்கள். லெவிச் இயற்பியல் மேதை லாண்டாவின் மாணவர். படிகத்துக்குள் எலெக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அயனிகளைச் சற்றே இழுத்துக்கொண்டு நகர்வதை விளக்கிய கணிதத்தை, தண்ணீருக்குள் நிற்கும் அயனிக்கு அவர்கள் பொருத்தினார்கள். மார்க்கஸின் கணக்கில் தண்ணீர் பழைய இயற்பியலின்படி அசைந்தது. இவர்கள் கணக்கில் எலெக்ட்ரானும் தண்ணீரும் இரண்டுமே குவாண்டம் விதிகளின்படி நடந்தன. பிறகு குஸ்னெட்சோவும் சேர்ந்து, புரோட்டான் சுரங்கக் கடப்பையும் கணக்கில் கொண்டுவந்தார்கள். குவாண்டம் மின்வேதியியல் தனித்துறையாக நிமிர்ந்து நின்றது அங்கேதான்.

லெவிச்சின் வாழ்க்கையில் பின்னர் ஒரு கடினமான காலம் வந்தது. 1972-இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர அனுமதி கேட்டார். பதவிகள் பறிபோயின. 1978 வரை வெளியேற விடவில்லை. அந்த ஆண்டுகளில் பல நாட்டு அறிவியலாளர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். ஓர் எலெக்ட்ரான் எப்படிக் கடக்கிறது என்று உலகுக்குச் சொன்னவர், தான் ஓர் எல்லையைக் கடக்க ஆறு ஆண்டு காத்திருந்தார்.

மறுபுறம் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஜான் போக்ரிஸ் இருந்தார். கர்னியின் பாதையை விடாமல் தொடர்ந்தவர். தண்ணீரின் அசைவை விட, அயனியின் பிணைப்பு நீள்வதும் சுருங்குவதுமே முக்கியம் என்று வாதிட்டார். டாஃபெல் கோடு அத்தனை மடங்குக்கும் நேராக ஓடுகிறதே, மார்க்கஸின் சமன்பாடு சரி என்றால் அது வளைய வேண்டுமே என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரும் ஷாஹெட் கானும் சேர்ந்து எழுதி 1979-இல் வெளிவந்த நூலின் பெயரே குவாண்டம் மின்வேதியியல்.

அந்த வாதத்துக்குச் சோதனையில் ஒரு விடை 1991-இல் வந்தது. சிட்ஸி என்பவர் தங்கத் தகட்டின் மேல் ஒரே உயரமுள்ள மூலக்கூறுகளை நாற்று நட்டது போல் வரிசையாக நிறுத்தி, அவற்றின் முனையில் இரும்பு கொண்ட ஃபெரோசீனைப் பொருத்தினார். இடைவெளி மாறாமல் நின்றதால் எலெக்ட்ரான் கடக்கும் வேகத்தைத் துல்லியமாக அளக்க முடிந்தது. மின்னழுத்தம் கூடக் கூடக் கோடு வளைந்தது. பிறகு ஓர் உயரத்தில் சமமாகிவிட்டது. அதற்கு மேல் குறையவில்லை. காரணம் உலோகத்தின் இயல்பு. உலோகத்தின் பக்கம் ஆடுவது ஒற்றைத் தூரி அன்று. அங்கே ஒரு படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள் பூவோடு நிற்கிறார்கள். எதிர்த் தூரி எந்த உயரத்துக்கு வந்தாலும் அந்தப் படியில் ஒரு பிள்ளை இருப்பாள்.

போக்ரிஸின் கேள்வியை நான் வீண்வாதமாகக் கருதவில்லை. அவர் கேட்டதால்தான் மற்றவர்கள் நன்றாக அளந்தார்கள். பின்னர் வந்த ஷ்மிக்லர், உலோகத்தோடு பிணைப்பு உருவாவதையும் தண்ணீரின் அசைவையும் ஒரே கணக்கில் சேர்த்தபோது, இரண்டு தரப்பும் பேசியது ஒரே மேசைக்கு வந்தது.

துணிப் பணத்தில் எழுந்த ஆய்வகம்

நம் நாட்டுக்கு வருகிறேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்கள் சிக்ரி என்பார்கள். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, பொங்கலையொட்டி, குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். தேசிய ஆய்வகம் ஒன்று பெருநகரத்தை விட்டுச் செம்மண் காட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மனிதர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

அழகப்பர் யார்? துணி ஆலை நடத்தியவர். கேரளத்தில் அவர் நிறுவிய நூற்பாலையைச் சுற்றி எழுந்த ஊருக்கு இன்றும் அவர் பெயர். நூலிலும் துணியிலும் சம்பாதித்த ஒருவர், எலெக்ட்ரான் எப்படிக் கடக்கிறது என்று ஆராயும் இடத்துக்கு நிலம் கொடுத்தார். 48 வயது முடியும் முன்பே, 1957-இல், காலமானார். பின்னலாடையில் வாழும் இந்த மண்ணில் நின்று இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் சற்றுத் தழுதழுக்கிறது.

சிக்ரியின் தொடக்ககால இயக்குநர்களில் கே.எஸ்.ஜி. டாஸ் ஒருவர். 1950-களின் தொடக்கத்தில் அவரும் எச்.பி. அகர்வாலும் ஒரு விளைவைக் கண்டுபிடித்திருந்தார்கள். மின்முனையில், அதாவது கரைசலில் நிற்கும் தகட்டில், மாறுமின்னோட்டத்தைச் செலுத்தினால், ஏற்றமும் இறக்கமும் சமமாக இருப்பதால் சராசரி பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் மின்முனையின் மின்னழுத்தம் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றது. எலெக்ட்ரான் போவதற்கும் வருவதற்கும் உள்ள வேகவிதி நேர்கோடாக இல்லாததால் வந்த சாய்வு அது. அந்தச் சாய்வை அளந்து, மிக வேகமான எலெக்ட்ரான் மாற்றங்களின் வேகத்தையும் கணக்கிட முடிந்தது. மேலைநாட்டு ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். அது இந்திய ஆய்வகத்தில் பிறந்த கருத்து.

கோட்பாட்டுப் பக்கம் எஸ்.கே. ரங்கராஜனை நான் நன்றியோடு நினைக்கிறேன். மின்முனையின் முகத்தில் அமையும் இரட்டை அடுக்கையும் மின்முனை வினைகளின் வேகத்தையும் கணிதமாக எழுதியவர். பிற்காலத்தில் சிக்ரியின் இயக்குநராகவும் இருந்தார். பேனாவும் தாளும் வைத்துச் செய்த அந்த வேலையின் தடம் இன்றும் நம் நாட்டுக் கோட்பாட்டு மின்வேதியியலில் தெரிகிறது.

இன்னொருவர் அமுல்யா ரெட்டி. லண்டனில் ஆய்வு செய்துவிட்டு வந்து காரைக்குடியில் பணியாற்றினார். பிறகு பிலடெல்ஃபியாவுக்குப் போனார். போக்ரிஸும் அவரும் எழுதி 1970-இல் வந்த நவீன மின்வேதியியல் நூல் இரண்டு தொகுதிகள். உலகெங்கும் ஒரு தலைமுறையே அதில்தான் இந்தத் துறையைக் கற்றது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்த ரெட்டி, 1970-களில் கிராமத்துக்கான தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பினார். விறகடுப்பு, சாண எரிவாயு, கிராமத்துக்கான மின்சாரம் என்று வேலை செய்தார். எலெக்ட்ரானின் அலையைப் படித்த மனம்தான் அடுப்புப் புகையில் கண் எரியும் பெண்ணையும் நினைத்தது. அந்த இரண்டு வேலைக்கும் நடுவே எனக்குச் சுவர் எதுவும் தெரியவில்லை.

நம் ஊருக்கு என்ன?

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று கணக்குகள் சொல்கிறேன்.

முதல் கணக்கு காஸ்டிக். ஒரு டன் காஸ்டிக் செய்யச் சவ்வுக் கலத்தில் சுமார் 2,200 முதல் 2,500 யூனிட் மின்சாரம் ஆகிறது. மின்முனையில் மிகை மின்னழுத்தம் 0.1 வோல்ட் குறைந்தால் டன்னுக்குச் சுமார் 67 யூனிட் மிச்சம். டைட்டானியத்தின் மேல் ருத்தீனியம் ஆக்சைடு பூசிய மின்முனைகள் 1960-களில் வந்து இந்தத் தொழிலையே மாற்றின. அத்தகைய மின்முனைகளைக் காரைக்குடியும் நம் ஆலைகளுக்காக உருவாக்கியது. பட்டறையில் துணி வேகவைக்கும் காஸ்டிக்கின் விலைக்குள் அந்தப் பூச்சும் இருக்கிறது.

இரண்டாவது கணக்கு கழிவுநீர். சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயத்தைக் கழிவுநீரிலேயே மின்சாரத்தால் சிதைக்க ஒரு வழி உண்டு. ஆனால் நம் கழிவுநீரில் உப்பு அதிகம். ஒருவகை மின்முனையில் எலெக்ட்ரானைக் குளோரைடு முதலில் கொடுத்துவிடும். குளோரின் பிறந்து, சாயத்தோடு சேர்ந்து, வேறு நஞ்சுகள் உருவாகலாம். போரான் கலந்த வைர மின்முனையில் தண்ணீரிலிருந்தே வீரியமிக்க ஹைட்ராக்சில் துகள்கள் பிறந்து சாயத்தைச் சிதைக்கின்றன. அங்கும் குளோரைடு சும்மா இருப்பதில்லை. எந்தப் பரப்பில் எந்த எலெக்ட்ரான் முந்துகிறது என்பது இங்கே ஒரு நதியின் கேள்வி, கிணற்றின் கேள்வி. நிறம் போனால் போதும் என்று பார்த்தால் நஞ்சு தங்கிவிடும். ஏன் என்று தெரிந்தவர் வேண்டும்.

மூன்றாவது கணக்கு காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் நம் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆடிக் காற்றில் பெருகும் மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தி ஹைட்ரஜனாகச் சேர்த்து வைக்கலாம். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்பது இந்தியா 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கத்தின் இலக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கொள்கை அளவில் சுமார் 39 யூனிட் போதும். நடைமுறையில் 50 முதல் 55 யூனிட் ஆகிறது. வீணாகும் அந்தப் பங்கில் பெரும்பகுதி, ஆக்சிஜன் பிறக்கும் மின்முனையின் மிகை மின்னழுத்தம். அங்கே நான்கு எலெக்ட்ரான்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற வேண்டும். எந்த உலோகம் அதை எளிதாக்கும் என்று இன்று கணினியில் குவாண்டம் கணக்குப் போட்டே முதல் தேர்வு செய்கிறார்கள். 2004-இல் நோர்ஸ்கோவ் குழு வகுத்த முறை அதற்கு வழி திறந்தது. டாஃபெல் அளந்த அதே மிகை மின்னழுத்தம்தான். அன்று அளந்தார்கள். இன்று, உலோகத்தைக் கையில் எடுக்கும் முன்பே எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடப் பார்க்கிறார்கள்.

இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள்

இந்த அறக்கட்டளையை நடத்துவோரிடமும், தொழில் நடத்தும் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறீர்கள், அதற்கு நன்றி. அதில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது, உடனே வேலை தராத அடிப்படை வேதியியலையோ இயற்பியலையோ எடுத்தால், அதற்கும் துணை நில்லுங்கள். காரைக்குடியில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பட்டப்படிப்பே இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கதவைத் திறந்து காட்டுங்கள். மாஸ்டரிடம் பேச வையுங்கள். அவர் கையில் உள்ள அறிவும், புத்தகத்தில் உள்ள அறிவும் ஒரே தொட்டியைச் சுற்றி நின்று பேசட்டும்.

பின்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். கர்னி புதிய கருவி எதையும் செய்யவில்லை. எல்லோரும் தினமும் பார்த்த மின்பகுப்பைப் பார்த்து, பழைய கேள்வியைப் புதிய மொழியில் கேட்டார். மார்க்கஸ் இன்னொருவரின் கட்டுரையைக் கவனமாகப் படித்து, ஆற்றல் கணக்கு சரியா என்று பார்த்தார். இரண்டும் உங்களால் முடியும். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் முடியும்.

அந்த மாஸ்டர் இன்று இல்லை. இருந்தால் அவரிடம் போய் இப்படிச் சொல்வேன்: நீங்க போட்ட ஹைட்ரோஸ் சாயத்துக்கு ரெண்டு எலெக்ட்ரான் குடுத்துதுங்க மாஸ்டர். சுத்தியிருந்த தண்ணி ஆடி ஆடி, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்த நேரம் பாத்து அது தாண்டுச்சுங்க. மேல தூக்குனதும் காத்து அதை வாங்கிக்குச்சு. அதனாலதான் நீலமாச்சுங்க. இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கே அத்தனை வருஷம் ஆச்சுங்க. நீங்க தெரியாதுன்னு சொன்னதுல ஒரு தப்பும் இல்லீங்க.